வீட்டுக்கார அம்மாவின் உள்ளங்கை

1993ஆம் ஆண்டு ஜூன் 18, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி பதினெட்டு நிமிடம். மேற்கே மலை இருக்கிற இடமே தெரியாத அளவுக்கு மூட்டம். காற்றோடு சேர்ந்து ஊசி ஊசியாகச் சாரல். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் அடுப்படியில், சமையல் மேடைக் கல்லின் மேல் உளியை வைத்துக் கொத்தனார் மாரியப்பன் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். ஓங்கிக்கூட அடிக்கவில்லை. சாமிக்குத் தேங்காய் விடலை போடும் முன் தரையில் ஒரு முறை தட்டிப் பார்ப்போமே, அப்படித்தான்.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கருப்புக் கடப்பாக்கல்லில், பழைய சிங்க் இருந்த ஓட்டையின் வலது மூலையிலிருந்து தலைமுடி போல ஒரு கோடு புறப்பட்டு அடுப்பைப் பார்த்து ஓடி நின்றது.

மாரியப்பன் உளியைக் கீழே வைத்துவிட்டார். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் டேப்பை எடுத்து அளந்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கோடு ஏழு அங்குலம் இருந்தது. புதிய சிங்க்குக்காகப் பென்சிலில் போட்டிருந்த குறி, ஓட்டையிலிருந்து நாலரை அங்குலத்தில் முடிந்தது. அதாவது வெட்டி எடுத்த பிறகும் இரண்டரை அங்குல விரிசல் கல்லிலேயே தங்கும். இன்றைக்கு இரண்டரை; ஒரு கொதிக்கிற குக்கரை அதன் பக்கத்தில் இறக்கி வைத்தால் நாளைக்கு எவ்வளவோ.

அந்த நேரத்தில் வீட்டுக்கார அம்மா ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். கல்லில் கை வைக்க அனுமதி கேட்டபோது அவர் எங்களிடம் இரண்டு வாக்கியங்கள்தான் சொல்லியிருந்தார். "நான் வராம உளி வைக்கக் கூடாது. கல்லு ரெண்டாச்சுன்னா வீட்டக் காலி பண்ணிருங்க."

முன்னறையில் கட்டிலில் எங்கள் மகள் செண்பகம் படுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள். ஒன்பதாம் மாதம்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் அவருடைய வலது உள்ளங்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அகலமான கை. விரல்கள் குட்டை. எந்தப் பொருளையும் அவர் கண்ணால் பார்த்து நம்பியதில்லை. போய் அதன் மேல் உள்ளங்கையை முழுதாகப் பதித்து, கொஞ்ச நேரம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பேச்சு. சில சமயம் பேச்சே இருக்காது.

1984இல் நாங்கள் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது, எங்களை வீட்டைப் பார்க்க வரச் சொல்லவில்லை. நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டைப் பார்க்க அவர் வந்தார். நேரே அடுப்படிக்குப் போனார். அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரில் கையை வைத்தார். என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை, காபி கலக்கட்டுமா என்று கேட்டாள். அவர் கையைத் திருப்பித் தானே பார்த்துக்கொண்டு, "எண்ணெப் பிசுக்கு இல்ல. ஒண்ணாந்தேதி வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காபி குடிக்கவில்லை. அட்வான்ஸ் எவ்வளவு என்று நான் தெருவில் பின்னால் ஓடித்தான் கேட்டேன்.

அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களிடம் பேசிய தமிழ் நம் ஊர்த் தமிழ்தான். ஆனால் ஒரு காரியத்தை நிறுத்தச் சொல்லும்போது மட்டும் ‘ஆகு’ என்பார். தெலுங்கில் நில் என்று அர்த்தம். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய கணவருக்கு ராஜபாளையத்தில் ஒரு சின்னப் பஞ்சு ஆலையில் பங்கு இருந்தது. அவர் காலமான பிறகு இந்த அம்மா தினமும் காலையில் ஆலைக்குப் போய், வரிசையாக ஒவ்வொரு மோட்டாரின் மேலும் கையை வைத்துவிட்டு வருவாராம். சூடு அதிகமாக இருந்தால் ஆகு. அங்கே வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "அந்த அம்மா கேட்டுக்குள்ள வரும்போதே மோட்டாரெல்லாம் பயத்துல குளுந்துரும் சார்."

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வாடகை வாங்க வருவார். வாங்கியவுடன் போகமாட்டார். வாசல் கதவில் தொடங்கி, ஒவ்வொரு சுவராக, கையை வைத்துக்கொண்டே புழக்கடை வரை போய்த் திரும்புவார். ஒரு முறை குளியலறைச் சுவரில் நின்றுவிட்டார். உள்ளே குழாய் கசிகிறது என்றார். எனக்குச் சுவர் உலர்ந்துதான் தெரிந்தது. மறுநாள் அவர் அனுப்பிய ஆள் சுவரை உடைத்தான். கசிந்துகொண்டுதான் இருந்தது. இன்னொரு முறை இதேபோல் தாழ்வாரச் சுவரை உடைக்கச் சொன்னார். உள்ளே செங்கல் மட்டுமே இருந்தது. அதற்கு அவர் வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. பூசிவிடச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். ஆகையால் அந்தக் கை தப்பே செய்யாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது நின்ற இடத்தை, அவர் போன பிறகு நானும் ஒரு முறை தொட்டுப் பார்க்காமல் விட்டதில்லை.

என் மனைவிக்கு அவரைப் பிடிக்காது. சுவரைத் தொடட்டும், அவர் சுவர். அரிசிப் பானைக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, "புழுங்கலா, எங்க வாங்குனது" என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? "வீடு அவியளுதுன்னா அரிசியும் அவியளுதா?" என்று அவர் போன பிறகு என்னிடம் கேட்பாள். அவர் இருக்கும்போது கேட்டதில்லை.

எனக்கு ஒரு வருடம் பங்குனியில் உடம்பு சரியில்லாமல் போனது. கூட்டுறவுப் பண்டகசாலையில் ஆண்டுக்கணக்கு முடிக்கிற நேரம். நான் அங்கே கணக்கர். நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. வாடகை வாங்க வந்த அந்த அம்மா கட்டிலருகே வந்து, என் சம்மதத்தைக் கேட்காமல் நெற்றியில் கையைப் பதித்தார். கரடுமுரடாக, குளிர்ச்சியாக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு என்ன நோயோ என்று நான் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எல்லா நோய்களையும் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

"காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. உள்ள கணக்கு ஓடிக்கிட்டு இருக்கு. எந்திரிச்சுக் குளிங்க, கணக்குப்பிள்ள."

எழுந்து குளித்தேன். சாயங்காலமே வேலைக்கும் போனேன். என் மனைவி அன்றைக்கு மட்டும் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வாயிலிருந்து ‘சரி’ என்ற சொல்லை மட்டும் யாரும் வாங்கியதில்லை. எதைக் கேட்டாலும் கையை வைப்பார், போய்விடுவார். பதில் பிறகு வேறு உருவத்தில் வரும். ஜன்னலுக்குக் கொசுவலை கேட்டோம். பதிலே இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு தச்சர் வந்து நின்றார். பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தவர் அடுப்படித் தரையில் வைத்து விறகு பிளந்தார். சிமெண்டுத் தரை வெடித்தது. அந்த அம்மா வந்து குனிந்து வெடிப்பின் மேல் கையை வைத்தார். திட்டவில்லை. மறுமாதம் அந்தக் குடும்பம் வன்னியம்பட்டிக்குக் குடிபோயிற்று. அதனால்தான் ‘காலி பண்ணிருங்க’ என்று அவர் வாயால் சொன்னதை நான் வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவ்வளவு பயம் இருந்தும் ஏன் அந்தக் கல்லில் கை வைக்கக் கேட்டோம் என்றால், என் மனைவியின் முழங்கால். மேடையில் இருந்த பழைய சிங்க் பதினான்கு அங்குலம்தான். கை கழுவலாம், இரண்டு டம்ளர் அலசலாம். இட்லிக் கொப்பரையோ குழம்புச் சட்டியோ அதில் இறங்காது. எல்லாப் பாத்திரமும் புழக்கடைக் குழாயடியில் குத்த வைத்துத்தான் துலக்க வேண்டும். முந்தைய ஐப்பசி மழையில் அவள் அங்கே பாசியில் வழுக்கி விழுந்தாள். இனிமேல் குத்த வைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பாத்திரம் துலக்கியது நான். ஒரு நாளைக்கு முப்பத்தொன்றுக்குக் குறையாது. மகள் பிரசவத்துக்கு வந்தால், பத்தியச் சமையல் தனி, வருகிற போகிற சம்பந்தி வீட்டார் தனி. நின்றபடி துலக்க ஒரு பெரிய சிங்க் வேண்டும் என்று என் மனைவி கேட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் அந்த வீட்டில் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

கல்லோ, எட்டு அடி நீளம், நடுவில் ஒட்டே இல்லாத ஒற்றைக் கல். அவர் கணவர் அந்த வீட்டைக் கட்டியபோது லாரியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து போட்டதாம். ஒட்டில்லாத மேடை என்று அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். மூன்று மாதம் கேட்டோம். மூன்று முறையும் கல்லின் மேல் கையை வைத்தார், போனார். நான்காம் மாதம்தான் அந்த இரண்டு வாக்கியங்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூட எங்கள் பக்கத்தில் யோசிப்பார்கள். உடைப்பது, இடிப்பது கூடவே கூடாது. செண்பகம் வருவதற்கு முன்பே முடிக்க நினைத்தோம். அனுமதி கிடைத்தபோது அவள் வந்துவிட்டாள். என் மனைவி கோயில் பக்கத்தில் பஞ்சாங்கம் பார்க்கிறவரிடம் போய்க் கேட்டாள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் வருகிறது, அதற்குள் ஆரம்பித்துவிட்டால் தோஷம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கார அம்மாவும் பத்து மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

பத்து ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. பஸ்ஸைக் காணோம். என் மனைவி கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு தட்டு தட்டி வச்சிருங்க அண்ணாச்சி. ஆரம்பிச்சதா ஆயிரும். மிச்சத்த அவிய வந்த பொறவு பாத்துக்கிடலாம்."

காய்ந்த கல்லில், அடியில் முட்டுக் கொடுக்காமல் தட்டுவது சரியில்லை என்று மாரியப்பன் சொன்னார். மிஷின் கொண்டுவந்திருக்கிறேன், உளியே வேண்டாம் என்றார். ஆனால் மிஷினைப் போட்டால் தெருவுக்கே கேட்கும், அந்த அம்மா தெருமுனையில் வந்துகொண்டிருந்தால்? சத்தமில்லாமல் ஒரு தட்டு. தோஷமும் போகும், வாக்கும் போகாது என்று எங்களுக்கு ஒரு கணக்கு. நானும்தான் தலையை ஆட்டினேன்.

அந்தத் தட்டுத்தான் அது.

பத்து நாற்பதுக்கு அவர் வந்தார். குடையை வாசலில் விரித்து வைத்தார். வழியில் பஸ் டயர் மாற்றினார்கள் என்றார். அடுப்படிக்குள் வந்து எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். மேடைப் பக்கம் போனார். கையை வைத்தார்.

கை அடுப்புப் பக்கத்திலிருந்து மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. கோட்டின் மேல் வந்ததும் நின்றது. நகத்தால் அதை ஒரு முறை வருடினார். நான் மனதுக்குள், ஆண்டாள் கோயில் உண்டியலுக்குப் பதினொரு ரூபாய் என்று வேண்டிக்கொண்டேன். முதலில் நூற்றொன்று என்றுதான் வந்தது. அவசரத்தில் குறைத்துக்கொண்டேன்.

எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை, செண்பகம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு வராத வாய் அவளுக்கு வந்தது.

"ஆச்சி, நாங்க காலி பண்ணணுமா?"

என் மனைவி அழ ஆரம்பித்தாள். வயிற்றுப்பிள்ளையோடு எந்த வீட்டில் போய் நிற்பது? புதிதாக வீடு கொடுப்பவர்களும் பிரசவம் முடியட்டும் என்பார்கள். மாரியப்பன் தன்னால்தான் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஆகு" என்றார் அந்த அம்மா. பிறகு மகளைப் பார்த்து, "செத்த நேரம் சும்மா இரு, தாயி. நின்னு கால் வலிக்கப் போவுது, ஒக்காரு" என்றார்.

ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் கோட்டின் மேல் ஊற்றினார். புடவையைச் செருகிக்கொண்டு மேடைக்கு அடியில் குனிந்தார். அவருக்கு அப்போது அறுபதுக்கு மேல் இருக்கும். கல்லின் அடிப்பக்கத்தில் கையைப் பதித்து அப்படியே இருந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான். வெளியே சாரல் ஓட்டின் மேல் விழுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து கையை விரித்துக் காட்டினார். உலர்ந்திருந்தது.

"அடியில வரல. மேலாப்புலதான் நிக்கி."

மாரியப்பன் மூச்சை விட்டார். இருந்தாலும் அந்த இரண்டரை அங்குலம் இருக்கிறதே என்று நான் சொன்னேன். பிறகு ஏன் சொன்னோம் என்று ஆயிற்று. அவர் சிங்க்கை எடுத்துவரச் சொன்னார். நானும் மாரியப்பனும் அதைக் கவிழ்த்துப் பழைய ஓட்டையின் மேல் வைத்தோம். அவர் அதன் மேல் கையை வைத்து, அடுப்புப் பக்கமாகத் தள்ளினார். கோடு சிங்க்குக்கு அடியில் போய் மறைந்தது.

"இங்கிட்டு எம்புட்டு தள்ளுனா கோடு முழுசும் வெட்டிப் போற கல்லோட போவும்?"

கேள்வி எனக்கு. அளந்தேன். மூன்று அங்குலம் தள்ளினால் கோடு முடிந்து அரை அங்குலம் மிஞ்சும். அடுப்புப் பக்கம் காய் நறுக்குகிற இடம் அந்த அளவு குறையும். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காயைத் தரையில்கூட நறுக்குவேன் என்றாள். குத்த வைக்க முடியாது என்பது அவளுக்கு அப்போது மறந்துவிட்டது.

"அரை அங்குலம் போதுமா, கணக்குப்பிள்ள?"

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். ஒன்பது வருடமாக அந்த அம்மா ஒரு ‘சரி’ சொல்லமாட்டாரா என்று நான் குறைப்பட்டிருக்கிறேன். அது எவ்வளவு கனமான சொல் என்று அப்போது தெரிந்தது. இரண்டாம் முறை அளந்தேன். மூன்றாம் முறை அளக்கப் போனபோது அவர் டேப்பின் மேல் கையை வைத்துவிட்டார்.

"போதும்" என்றேன்.

பழைய குறியை அழித்துப் புதிதாகப் போட்டோம். ராகு காலம் ஆரம்பித்துவிட்டதே, பன்னிரண்டு மணி வரை பொறுக்கலாமா என்று என் மனைவி மெல்லக் கேட்டாள். "அதான் முன்னமே தட்டி ஆரம்பிச்சாச்சே. அந்தத் தட்டுக்கு இந்தப் பலன்கூட இல்லன்னா எதுக்கு தட்டுனீங்க?" என்றார். அதற்குள் அவர் கதையை முழுதாகப் புரிந்துகொண்டுவிட்டார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்த முறை அடியில் பலகை வைத்து, மணல் மூட்டையால் முட்டுக் கொடுத்தார் மாரியப்பன். கல் அறுக்கும் மிஷின் அலறியது. நான் மக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கறுப்புச் சேறு சுவரெல்லாம் தெறித்தது. மேடையின் முன்பக்கம் மூன்று விரல் அகலத்துக்குத்தான் கல் மிஞ்சும். கல் உடைந்தால் அங்கேதான் உடையும். அந்தக் குறுகிய பட்டையின் மேல் அவர் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சேறு அவர் புடவையிலும் முகத்திலும் தெறித்தது. கையை எடுக்கவில்லை. நான்கு முறை ஆகு என்றார். நான்கு முறையும் மாரியப்பன் மிஷினை நிறுத்தி, கல் ஆறிய பிறகு தொடர்ந்தார். நாலாவது மூலை முடிந்ததும் உள் கல் மணல் மூட்டையின் மேல் மெத்தென்று உட்கார்ந்தது.

மாரியப்பன் அதைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்குத் திரும்பினார். இரண்டு அடி வைப்பதற்குள் அவர் கையிலேயே அது விரிசலோடு பிளந்து இரண்டாகி விழுந்தது. கல்லு ரெண்டாச்சு.

வீட்டுக்கார அம்மா அந்தத் துண்டுகளைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். முன்பட்டையிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்தார்.

"வெட்டிப் போட்ட கல்லுக்கு நான் வாடக வாங்கலயே" என்றார்.

செண்பகம்தான் முதலில் சிரித்தாள். பிறகு என் மனைவி. அன்றைக்கு அந்த அம்மா எங்கள் வீட்டில் முதல் முறையாகக் காபி குடித்தார். டம்ளரை என் மனைவி புதிய சிங்க்கில் நின்றபடி கழுவினாள்; அதற்கு அடியில் தண்ணீர் போகிற குழாய் இன்னும் பொருத்தவில்லை, தண்ணீரெல்லாம் என் காலில் விழுந்தது.

ஆடி பிறந்து நாலாம் நாள் செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து காலில் போட்டுத்தான் ஊற்ற வேண்டும். என் மனைவியால் தரையில் உட்கார முடியாது. ஒரு துண்டை மடித்துப் போட்டு, அந்தச் சிங்க்கிலேயே பேத்தியை வைத்து, நின்றபடி குளிப்பாட்டினாள். வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அம்மா அடுப்படி வாசலில் வந்து இதைப் பார்த்துவிட்டார். இதற்குத்தானா கல்லை வெட்டினீர்கள் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போய்த் தண்ணீரில் கையை வைத்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொம்பில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் எடுத்து விளாவினார். மறுபடி கையை வைத்தார்.

"சரி, ஊத்து" என்றார்.

சிங்க், அறுப்புக் கூலி, மணல், சிமெண்டு, குழாய் எல்லாம் சேர்த்து எண்ணூற்று நாற்பத்தாறு ரூபாய் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் கொடுத்த வாடகையில் நூறு ரூபாயை அவர் மேடையின் மேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த மூன்று மாதமும் அப்படியே வைத்தார். கோயில் உண்டியலில் போட்ட பதினொன்றையும் சேர்த்து, கடைசியில் என் கையிலிருந்து போனது நானூற்று ஐம்பத்தேழு ரூபாய்.